வடிவாகச் சொல்லுதல்

புத்தக வெளியீட்டுக் கூட்டங்களில் ஏற்புரை சொல்ல எழும்புகிற கவிஞர்களில் பாதிப்பேராவது ஒரு வசனத்தைச் சொல்லாமல் அமர்வதில்லை. "மனதில் வந்ததை வந்தபடியே எழுதினேன். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை." உடனே சபை கைதட்டுகிறது. பாரிசிலும் கேட்டிருக்கிறேன், சூரிச்சிலும் கேட்டிருக்கிறேன், ரொறொன்ரோவிலிருந்து வருகிற காணொளிகளிலும் கேட்கிறேன். சமைத்தவர் ஒருவர் கறியைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்து, "நான் உப்புப் புளி பார்க்கவேயில்லை" என்று பெருமையாகச் சொன்னால் நாங்கள் கைதட்டுவோமா? கவிதைக்கு மட்டும் ஏன் தட்டுகிறோம்?

காரணம் இருக்கிறது. எழுதும் முறையைப் பற்றிய தகவலாக அந்த வசனத்தை எவரும் எடுத்துக்கொள்வதில்லை. 'நான் பொய் சொல்லவில்லை' என்ற சத்தியமாகவே அது சொல்லப்படுகிறது, சத்தியமாகவே கேட்கவும்படுகிறது. முதலில் வந்தது உண்மை, பிறகு யோசித்துச் சேர்த்ததும் வெட்டியதும் கலப்படம், திருத்துகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அதன் உட்பொருள். எதிர்முனையில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இந்தக் கதையைப் பதினாறு தரம் எழுதினேன்" என்று அவர்கள் சொல்வார்கள். அதுவும் பெருமைதான். ஆனால் அது உழைப்பைப் பற்றிய பெருமை. பதினாறு தரம் எழுதியும் உயிரில்லாமற் கிடக்கிற கதைகளை நாங்கள் எல்லோரும் வாசித்திருக்கிறோம். அவர்களை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன். என்னை உறுத்துவது முதற் கூட்டத்தாரின் சத்தியம். முதலில் வந்தது என்பதற்காகவே ஒன்று ஏன் உண்மையாக இருக்கவேண்டும்?

இந்தச் சத்தியத்துக்கு உலகறிந்த காவல் தெய்வம் ஒருவர் இருக்கிறார்: அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரோவாக். 1951 ஏப்ரலில், நியூயோர்க்கில், 'ஒன் த ரோட்' நாவலை மூன்று கிழமைகளில் அவர் அடித்து முடித்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. தாள் மாற்றுகிற நேரம்கூட ஓட்டத்தைக் கெடுத்துவிடும் என்று மெல்லிய தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ரைப்றைற்றருக்குள் ஒரு சுருளாக ஓடவிட்டார். சுருளின் நீளம் ஏறத்தாழ 120 அடி. பந்திகூடப் பிரிக்கவில்லை. 1957 இல் நாவல் வெளிவந்து பெயர் பெற்றபிறகு இந்த மூன்று கிழமைக் கதையை அவரே பரப்பினார். தன்னியல்பாக எழுதுவதற்கு விதிகளும் எழுதிவைத்தார். (விதிகளைப் படித்துவிட்டுத் தன்னியல்பாக எழுதுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.) ட்ரூமன் கபோட்டி இதை எழுத்து என்றே ஒப்புக்கொள்ளாமல், வெறும் தட்டச்சு என்று நக்கலடித்தார்.

கதையின் மற்றப் பாதி ஆவணங்களில் இருக்கிறது. 1940களின் கடைசியிலிருந்தே கெரோவாக் இந்த நாவலுக்காகக் குறிப்புப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். தொடங்கித் தொடங்கிக் கைவிட்ட வரைவுகள் பல. சுருளை முடித்த கையோடு அதைச் சாதாரணத் தாள்களில் திரும்ப அடித்தார், அடிக்கும்போதே மாற்றினார். அடுத்த ஆறு வருடங்களில் பதிப்பகத்தின் ஆலோசனைகள் வந்தன, அவதூறு வழக்குக்குப் பயந்து உண்மைப் பெயர்கள் போயின. சுருளின் கடைசிப் பகுதியை ஒரு நாய் தின்றுவிட்டதாகச் சுருளிலேயே குறிப்பு இருக்கிறது. அப்படியென்றால் நாவலின் முடிவு எப்படியும் இன்னொருமுறை எழுதப்பட்டதுதான். 2001 இல் அந்தச் சுருள் ஏலத்தில் 24 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. 2007 இல் சுருளில் இருந்தபடியே புத்தகமாகவும் வந்தது. யாரும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சுருளில் ஒரு சூடு இருக்கிறது, மறுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சூட்டுக்கு மூன்று கிழமை போதவில்லை. மூன்று வருடங்களுக்கு மேல் அடுப்பு எரிந்திருக்கிறது.

எங்களைப் போன்றவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்றும் உண்டு. கெரோவாக்கின் பெற்றோர் கியூபெக் பிரெஞ்சுக்காரர்கள். ஆறு வயதுவரை அவருக்கு வீட்டுப் பிரெஞ்சு மட்டுமே தெரியும். பிரெஞ்சில் அவர் எழுதி அச்சிடாமல் வைத்திருந்தவை 2016 இல்தான் மொன்றியலில் நூலாக வந்தன. வாயைத் திறந்தால் தானாக வழிவதுபோலத் தோன்றுகிற அந்த ஆங்கிலம், பிறத்தி மொழியில் ஒருவர் பழகிப் பழகி உண்டாக்கிய ஆங்கிலம். எங்களுடைய பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் எழுதத் தொடங்கியிருக்கிற இந்தக் காலத்தில் இதை ஞாபகம் வைத்திருப்பது நல்லது.

எங்கள் கவிஞர்கள் கெரோவாக்கைச் சொல்லாவிட்டாலும் ஆசுகவி மரபைச் சொல்வார்கள். ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்று நால்வகைக் கவியில் முதலில் நிற்பது ஆசு. கொடுத்த பொருளில் கொடுத்த இடத்திலேயே பாடவேண்டும். காளமேகத்தைத் தெரியாத தமிழர் இல்லை. ஆனால் அந்த மரபு ஆசுகவியை எதற்காகப் புகழ்ந்தது? விரைவுக்காக, வல்லமைக்காக. இது இதயத்திலிருந்து வந்த உண்மை, ஆகவே பெரிது என்று எவரும் சொன்னதில்லை. பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரே வெண்பாவைப் பொருந்தவைத்த மனிதரிடம் போய் இதயத்தின் ஒப்புதல் வாக்குமூலத்தைத் தேடுவது வேடிக்கை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாய்மொழியாகவே பாடல்களைச் சொல்லிக்கொண்டு போக, மாணாக்கர்கள் ஏட்டில் எழுதுவார்கள் என்று உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் வியந்து எழுதியிருக்கிறார். அந்த ஓட்டத்துக்குப் பின்னால் மனப்பாடமாக இருந்த நூல்கள் எத்தனை, முன்னால் செய்த செய்யுள்கள் எத்தனை என்பதையும் அதே நூலில் பார்க்கலாம். திருத்தம் பாடலுக்குப் பின்னால் நடக்கவில்லை. முன்னாலேயே, முப்பது வருடமாக நடந்து முடிந்திருந்தது.

அதே மரபில்தான் அரங்கேற்றமும் இருந்தது. தொல்காப்பியம் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறக் காட்டப்பட்டது என்று அதன் பாயிரம் சொல்கிறது. இன்று அரங்கேற்றம் என்றால் பட்டுச் சேலையும் மண்டப வாடகையும் என்று ஆகிவிட்டது. அன்று அது சபை குற்றம் கேட்கிற இடம். சொன்னவர் பதில் சொல்லவேண்டிய இடம். நூலைத் திருத்துவது நேர்மைக் குறைவு என்று அந்தச் சபையில் எவருக்கும் தோன்றியிராது.

ஆக, 'முதலில் வந்ததே உண்மை' என்ற எண்ணம் எங்கள் பழஞ்சரக்கு இல்லை. அது ஐரோப்பியக் கற்பனாவாதத்தின் வழி வந்தது, அங்கேயும் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது. கவிதை உணர்ச்சியின் தானான பெருக்கு என்று 1800 இல் எழுதிய வேர்ட்ஸ்வர்த், அதே முன்னுரையிலேயே அந்த உணர்ச்சி பின்னர் அமைதியில் இருந்து நினைத்துப்பார்க்கப்பட்டது என்றும் எழுதினார். பிற்பாதி எவருக்கும் ஞாபகமில்லை. 1805 இல் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்த தன் நீண்ட சுயசரிதைக் கவிதையை அவர் சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார்; 1850 இல், அவர் இறந்தபின்தான் அது அச்சேறியது. கனவில் வந்தது என்று கோல்ரிட்ஜ் சொன்ன 'குப்ளா கான்' கவிதைக்குக்கூட அவருடைய கையெழுத்தில் அச்சுப் பிரதியிலிருந்து சொற்கள் வேறுபடுகிற படி ஒன்று இருக்கிறது. கனவும் திருத்தத்துக்குத் தப்பவில்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு வரும், அதைத் தட்டிக்கழிக்க ஏலாது. திருத்துவதற்கு நேரம் வேண்டும். நேரம் உள்ளவன் யார்? 'மதாம் பொவாரி'யை ஐந்து வருடம் இழைத்த ஃப்ளோபேருக்குக் குடும்பச் சொத்து இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஐரோப்பாவில் சஞ்சிகை நடத்தியவர்கள் றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவிவிட்டு இரவு ஒரு மணிக்கு வந்து எழுதினார்கள். சில இதழ்கள் கையெழுத்திலேயே வந்தன. ஊரில் அதற்கும் மோசம். ரோணியோ ஸ்ரென்சிலில் ஒரு பிழை விட்டால் சிவப்பு மையைப் பூசி, காயும்வரை ஊதி, அந்த இடத்தில் திரும்ப அடிக்கவேண்டும். இரண்டு திருத்தம் சேர்ந்து வந்தால் ஸ்ரென்சில் கிழிந்துபோகும். அதற்குமேல் வெளியில் வாகனச் சத்தம் கேட்டால் எல்லாவற்றையும் ஒளிக்கவேண்டும். சிவரமணி 1991 மே மாதம் தன் உயிரை மாய்த்துக்கொள்ளுமுன் கையிலிருந்த தன்னுடைய கவிதைகளை எரித்துவிட்டார். இன்று தொகுப்பில் இருப்பவை மற்றவர்களிடமும் இதழ்களிலும் தங்கியிருந்தவை. அவற்றில் எது முதற்படி, எதை இன்னும் மாற்ற நினைத்திருந்தார் என்று கேட்பதற்கு எங்களுக்கு உரிமையில்லை. அந்தத் தலைமுறைக்கு வாய்த்தது அவ்வளவு நேரம்தான்.

இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரமின்மையால் திருத்தாமல் விட்டது ஒரு துயரம். அதைக் கொள்கையாக்கி மேடையில் கைதட்டு வாங்குவது வேறு விசயம். அமெரிக்கச் சிறுகதைக்காரர் ரேமண்ட் கார்வர் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு வேளையில் துப்புரவு வேலை செய்தவர். இரண்டு பிள்ளைகள், கடன், குடி. நேரமில்லாததால்தான் நாவலை விட்டுச் சிறுகதைக்கு வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதே மனிதர் ஒரு கதைக்குப் பத்துப் பன்னிரண்டு வரைவுகளுக்குக் குறைவாக எழுதியதில்லை, இருபது முப்பதும் போவதுண்டு என்றும் சொல்லியிருக்கிறார். கோப்பை கழுவுகிற வேலைக்கு ஒரு நன்மை உண்டு. கைதான் அங்கே வேலை செய்கிறது. ஒரு வசனத்தை ஆறு மணித்தியாலம் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் போடலாம், முதலாளிக்குத் தெரியாது.

சரி, உண்மைக்கு வருவோம். இந்தக் கேள்வி எனக்கு இலக்கியத்திலிருந்து வரவில்லை. ஐரோப்பிய நாடொன்றில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகச் சில வருடங்கள் போய்வந்தேன். அங்கே இருந்துதான் வந்தது. (ஆட்களை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன், இதுவும் ஒரு திருத்தம்தான்.) நாட்டுக்குள் வந்த சில நாட்களில் ஒரு சிறு விசாரணை நடக்கும். மாதங்கள், சிலவேளை வருடங்கள் கழித்துப் பெரிய விசாரணை. பெரிய விசாரணையில் அதிகாரியின் மேசையில் முதலாவதின் பதிவு விரித்தபடி இருக்கும்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், தன் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன இரவைச் சொல்லிக்கொண்டிருந்தார். "நாலு பேர் வந்தவை" என்றார். அதிகாரி தாளைப் புரட்டினார். "முதல் விசாரணையில் மூன்று பேர் என்று சொல்லியிருக்கிறீர்கள். எது உண்மை?" அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "வீட்டுக்குள்ள வந்தது மூண்டு பேர். ஒருத்தன் படலையடியில நிண்டவன். அண்டைக்குச் சொல்லேக்க அவன்ர ஞாபகம் வரேல்லை. பிறகு இருந்து யோசிச்சுப் பாக்கத்தான், நாய் வீட்டுப் பக்கம் பாத்துக் குலைக்கேல்லை, படலையைப் பாத்துத்தான் குலைச்சது எண்டு விளங்கினது." நான் மொழிபெயர்த்தேன். விசாரணை முடிந்ததும் பதிவை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டியது என் வேலை. அந்த இடத்தில், 'விண்ணப்பதாரி தன் கூற்றை மாற்றிக்கொண்டார்' என்று இருந்தது. வாசித்தேன். அவர் என்னைப் பார்த்து, "மாத்தேல்லைத் தம்பி, வடிவாச் சொன்னனான்" என்றார்.

எங்கள் ஊர்ப் பேச்சில் 'வடிவு' என்றால் அழகு. வடிவான பிள்ளை, வடிவான சேலை. அதே சொல்தான் கவனத்துக்கும். வடிவாப் பார், வடிவாக் கேள், வடிவா யோசிச்சுச் சொல். வடிவம் என்பதும் அதற்குள்ளேதான் இருக்கிறது. அழகாகச் சொல்வதும் கவனமாகச் சொல்வதும் உருவம் கொடுத்துச் சொல்வதும் ஒரே சொல்லாக இருக்கிற பேச்சில் பிறந்த மனிதர், தான் செய்ததற்குச் சரியான பெயரைத்தான் சொன்னார். அந்தச் சொல்லை நான் எப்படி மொழிபெயர்ப்பது? 'கூடுதல் கவனத்துடன் சொன்னேன்' என்று சொல்லி வைத்தேன். அதிகாரி அதையும் எழுதினார். அது கூற்றை மாற்றியதற்கான ஒப்புதலாகத்தான் தாளில் தெரிந்தது.

படலையடியில் நின்ற நாலாவது ஆளை நினைத்துப் பாருங்கள். கதையாக இதை எழுதியிருந்தால் அவன் இரண்டாம் வரைவில் வந்திருப்பான். அவன் வந்தபிறகுதான் அந்த இரவு முழு இரவாகிறது. நாய் ஏன் அந்தப் பக்கம் குலைத்தது என்பது விளங்குகிறது. அதிகாரியின் கணக்கில் அவன் பொய். முதலில் வந்தவர்கள் மூன்று பேர், ஆகவே உண்மை மூன்று.

2002 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையான பி.எம்.ஜே.யில் ஓர் ஆய்வு வந்தது. கொசோவோவிலிருந்தும் பொஸ்னியாவிலிருந்தும் வந்து, தங்குவதற்கு அனுமதி ஏற்கெனவே கிடைத்துவிட்ட அகதிகளிடம், நடந்ததை இரண்டு தடவை இடைவெளி விட்டுக் கேட்டார்கள். பொய் சொல்லி அவர்களுக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. அப்படியிருந்தும் இரண்டு சொல்லுகைகளும் ஒத்துப்போகவில்லை. சம்பவத்தின் ஓரத்தில் இருந்த விபரங்கள் கூடுதலாக மாறின. மனவடு கடுமையாக உள்ளவர்களிடத்தில், இடைவெளி கூடக்கூட முரண்பாடும் கூடியது. கூற்றுகள் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரைப் பொய்யர் என்று முடிவுகட்ட முடியாது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. படலையடி மனிதரை எனக்கு அது ஞாபகப்படுத்தியது.

மேடையில் "ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை" என்று சொல்கிற கவிஞரும் அந்த அதிகாரியும் ஒரே சட்டத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் எங்கள் சனத்தை என்ன செய்தது என்பதை எல்லோரும் அறிவோம். "முதல் சொன்னதை மாத்திப்போடாதை" என்பது வந்திறங்கியவனுக்குக் கிடைக்கிற முதல் புத்திமதி. ஆட்கள் தங்கள் 'கேஸை' மனப்பாடம் செய்தார்கள். வதிவிட அனுமதி கிடைத்து இருபது வருடமானபிறகும், பிள்ளைகளுக்கு ஊரைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கேஸையே அதே ஒழுங்கில், அதே சொற்களில் சொல்கிற தகப்பன்மாரை எனக்குத் தெரியும். ஞாபகம் அந்த இடத்திலேயே உறைந்துபோயிற்று. எங்களுடைய புலம்பெயர் சிறுகதைகள் பலவற்றுக்கும் இதே வருத்தம் உண்டு. சம்பவம், திகதி, ஆட்களின் எண்ணிக்கை, அழுகை எல்லாம் ஒழுங்காக இருக்கும். படலையடியில் ஒருவரும் நிற்கமாட்டார்கள்.

ஏன் அப்படி? எழுதுகிறவர் நேர்மையில்லாதவர் என்பதாலா? இல்லை. கையை நீட்டினால் முதலில் அகப்படுவது எங்களுடைய சொல்லாக இருப்பதில்லை என்பதுதான் என் எண்ணம். வீட்டைவிட்டு வெளிக்கிட்ட நாளைப் பற்றி ஒருவர் எழுத உட்கார்ந்தால், 'கண்ணீர் மல்க விடைபெற்றேன்' என்பது யோசிக்காமலே வந்துவிழும். அது சினிமாவிலிருந்தும் தொடர்கதையிலிருந்தும் வந்த கண்ணீர். மூன்றாம் தரம் எழுதும்போதுதான், அன்றைக்கு அம்மா அழவில்லை, குடையைக் கொண்டுபோ என்று சண்டை பிடித்தா, பஸ் வந்தபிறகும் குடையை நீட்டிக்கொண்டு நின்றா என்பது வரும். குடை அன்றைக்கே நடந்தது. கண்ணீர்தான் பிறகு எங்கிருந்தோ வந்து முன்வரிசையில் குந்திக்கொண்டது. தன்னியல்பு என்று நாங்கள் நம்புவது பலவேளைகளில் ஊரின் இயல்பு. சுவரொட்டியின், ஒலிபெருக்கியின், பாட்டுப் புத்தகத்தின் இயல்பு.

ஆனால் திருத்தமெல்லாம் படலையடி மனிதனை நோக்கியே போகிறது என்று சொல்லிவிட்டு எழும்ப முடியாது. ஓடனின் கதை இருக்கிறது.

ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஓடன் 1937 இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குப் போய்வந்து, 'ஸ்பெயின்' என்ற நீண்ட கவிதையை வெளியிட்டார். விற்றுவந்த காசு அங்கே காயம்பட்டவர்களின் மருத்துவத்துக்குப் போயிற்று. அதில், கொலையை அவசியம் என்று ஏற்றுக்கொள்ளும் ஒரு சொற்றொடர் இருந்தது. கொலை வெறும் சொல்லாக மட்டும் தெரிந்த ஒருவரால்தான் இப்படி எழுதமுடியும் என்று ஜோர்ஜ் ஓர்வெல் அதைத் தாக்கினார். ஓர்வெல் அதே போரில் கழுத்தில் குண்டு வாங்கியவர். 1940 இல் கவிதை தொகுப்பில் வந்தபோது அந்தச் சொற்றொடர் மாறியிருந்தது. பின்னால் ஓடன் அந்தக் கவிதையையே ஒதுக்கிவிட்டார். 1939 செப்ரெம்பரில், போர் தொடங்கிய நாளில், நியூயோர்க்கில் இருந்துகொண்டு எழுதிய இன்னொரு புகழ்பெற்ற கவிதைக்கும் அதே கதி. முதலில் ஒரு பந்தியை நீக்கினார், பிறகு 1955 இல் ஓர் இணைப்புச் சொல்லை மட்டும் மாற்றித் திரும்ப அனுமதித்தார், கடைசியில் 1966 இல் வந்த தொகுப்பில் கவிதையே இல்லை. அது நேர்மையற்ற கவிதை என்பது அவர் தீர்ப்பு. 1964 இல் ஒரு தொகுப்பாளர் கேட்டபோது, இவற்றை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன் என்ற குறிப்போடுதான் ஐந்து பழைய கவிதைகளைக் கொடுத்தார். ஓடன் இறந்து இருபத்தெட்டு வருடங்களுக்குப் பிறகு, 2001 செப்ரெம்பரில், நியூயோர்க் மக்கள் அவர் ஒதுக்கிய அந்தக் கவிதையைத்தான் தேடி எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பினார்கள்.

ஓடன் செய்தது சரியா? கருத்து மாறியவர் பழைய கவிதையை மாற்றலாமா? இங்கே முதற் கூட்டத்தாருக்கு ஒரு புள்ளி கொடுக்கவேண்டும். குடையை ஞாபகப்படுத்திக்கொள்கிற திருத்தம் வேறு, அன்றைக்கு நான் நின்ற இடத்தை மாற்றிச் சொல்கிற திருத்தம் வேறு. தாளில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்: ஒரு சொல்லின் மேல் ஒரு கோடு. ஓடன் தன்னுடைய கோட்டை எல்லோரும் பார்க்கக் கீறினார், வெட்கம் என்ற சொல்லையும் பாவித்தார். அதனால் அவரிடம் எனக்கு மரியாதை உண்டு, கவிதையை நீக்கியதில் உடன்பாடில்லாவிட்டாலும். எங்களிடத்தில் எண்பதுகளின் கவிதைகள் புதுப் பதிப்பாக வரும்போது, சில சொற்கள் சத்தமில்லாமல் காணாமற்போகின்றன. பழைய இதழைப் பத்திரமாக வைத்திருக்கிறவருக்கு மட்டும் தெரியும்.

நண்பர் ஒருவர் இப்போது தன் கவிதைகளைத் தொகுத்துக்கொண்டிருக்கிறார். எண்பதுகளின் நடுப்பகுதியில், பத்தொன்பது வயதில், அவர் எழுதிய ஒரு கவிதை. மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்ட ஒருவரைப் பற்றியது. அன்று பின்னேரம் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒரே இருப்பில் எழுதினார். திருத்தவில்லை. அதில் செத்துக்கிடந்தவருக்கு அவர் கொடுத்த பெயர், 'துரோகி'. "நான் யோசிச்சு எழுதேல்லை மச்சான், அது தானா வந்தது" என்று இப்போதும் சொல்கிறார். நான் நம்புகிறேன். அந்தக் காலத்தில் கம்பத்தில் தொங்கவிட்ட மட்டையிலும் அதே சொல்தான் எழுதியிருக்கும். தானாகத்தான் வரும்.

இன்று அந்த இடத்தில் 'மனிதன்' என்று போட விரும்புகிறார். கவிதையாக அது நன்றாகவே இருக்கிறது, ஓசையும் கெடவில்லை. மற்ற வரிகளில் அவர் பார்த்து எழுதியிருந்த சாரக் கரையும், ஒற்றைச் செருப்பும், கூட்டமாக நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகளும், அந்தச் சொல் போனவுடன் திடீரென்று உயிர்பெறுகின்றன. ஒரு கவிஞனின் கண் அன்றைக்கே சரியாகப் பார்த்திருக்கிறது, வாய்தான் வேறொருவருடைய சொல்லைச் சொல்லியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. ஆனால் மாற்றி அச்சிட்டால், எண்பதுகளிலேயே கம்பத்தடியில் ஒரு மனிதனைக் கண்ட பத்தொன்பது வயதுக்காரன் ஒருவன் இருந்தான் என்று வாசகர் நினைப்பார். அப்படி ஒருவன் இருக்கவில்லை.

இரண்டையும் போடு, வருடத்தைப் போடு என்று நான் சொன்னேன். ஆ.இரா.வேங்கடாசலபதி 2000 இல் கொண்டுவந்த புதுமைப்பித்தன் கதைகளின் செம்பதிப்பில் இதழில் வந்த பாடத்துக்கும் நூலில் வந்த பாடத்துக்கும் உள்ள வேறுபாடுகள் காட்டப்பட்டிருப்பதை எடுத்துக் காட்டினேன். நண்பர் சிரித்தார். "புதுமைப்பித்தன்ர கதையில செத்த ஆளின்ர பிள்ளை உயிரோட இல்லை" என்றார்.

கம்பத்தில் கிடந்தவருக்கு அப்போது கைக்குழந்தையாக ஒரு மகள். அவர் இப்போது லண்டனில் இருக்கிறார், தமிழ் வாசிப்பார் என்று நண்பருக்குத் தெரியவந்திருக்கிறது. பழைய சொல்லை, வரலாற்று நேர்மை என்ற பெயரில், நல்ல தாளில் இன்னொரு தடவை அச்சடித்து அந்தப் பெண்ணின் கையில் கொடுப்பதா? புதிய சொல்லைப் போட்டு, 'உங்களுடைய தகப்பனை நான் அன்றைக்கே மனிதனாகக் கண்டேன்' என்று அவருக்குப் பொய் சொல்வதா? கவிதையை எடுத்துவிட்டால், கூட்டத்துக்குள் நின்ற இன்னொரு ஆளாக நண்பரும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம். அதைத்தான் ஊரில் அன்றைக்கு எல்லோரும் செய்தார்கள். அந்த மகளுக்கு முதலில் கடிதம் எழுதிக் கேட்டால் என்ன என்று ஒரு நாள் யோசித்தார். கேட்பதற்கு அவள் என்ன பதிப்பாசிரியரா, தன்னுடைய பாரத்தை ஏன் அந்தப் பிள்ளையின் தலையில் ஏற்றவேண்டும் என்று அடுத்த நாள் விட்டுவிட்டார்.

தொகுப்பின் மற்றக் கவிதைகள் எல்லாம் சென்னைக்கு அச்சுக்குப் போய்விட்டன. இதற்கு மட்டும் இரண்டு பக்கம் வெறுமையாக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார். அச்சகத்திலிருந்து இரண்டு தடவை கேட்டுவிட்டார்கள்.